கல்லமேட்டுப் பெருவிலங்கு: அந்த எலும்புகள் எங்கே போயின?

#1 · ஏரிக்கரை

ஜெயங்கொண்டம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். சுருள் ஓட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளையும் கல்லாகிப்போன சிப்பிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் இருந்த ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா, உலகத்திலேயே பெரிய டைனோசர் நம் மாவட்டத்தில்தான் கிடைத்தது என்று வகுப்பில் சொன்னீர்களே. அதன் எலும்பை எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் அறிந்தது இவ்வளவுதான். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு அறிஞர்கள் ஆராய்ந்து, 1987 தேதியிட்ட ஒரு வெளியீட்டில் 'புருஹத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயரிட்டார்கள். பிருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில்கொண்டிருக்கும் பிரகதீஸ்வரரின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். அந்தக் கோயிலும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த எலும்புகள் சென்னையிலா, ஐதராபாத்திலா, கொல்கத்தாவிலா? அறிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

#2 · நெல்வயல்

எனக்கும் இதே சந்தேகம் உண்டு. படம் என்று தேடினால் யாரோ கற்பனையில் வரைந்த ஓவியங்கள்தான் கிடைக்கின்றன. தெரிந்தவர்கள் வரட்டும், காத்திருக்கிறேன்.

#3 · கடற்படுகை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காவிரிப் படுகைப் பாறைகளோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் நான். பதில் கசப்பானது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த எலும்புகள் எந்த ஊரிலும் இல்லை. அவை அழிந்துவிட்டன.

திருடு போகவில்லை, யாரும் விற்கவும் இல்லை. மண்ணிலிருந்து எடுத்தபோதே அவை நொறுங்கும் நிலையில் இருந்தன. கல்லமேட்டுப் படிவு, பழைய ஆறு ஒன்று கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் கலந்தது. மழையில் ஊறிப் பருத்து, வெயிலில் சுருங்கி வெடிக்கும் களிமண் அது. கோடையில் நம் வயல்கள் பாளம்பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மண்ணுக்குள் ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளாகக் கிடந்த எலும்பு என்ன நிலையில் இருக்கும்?

இவ்வளவு பெரிய எலும்பை எப்படி எடுப்பார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடியில் ஒரு மண் மேடையை விட்டுவிட்டு எலும்பைச் சுற்றி மெல்லத் தோண்டுவார்கள். வெளியே தெரியும் பக்கத்தில் ஈரக் காகிதத்தைப் பரப்பி, சாக்குத் துணியைச் சாந்தில் நனைத்து அதன்மேல் சுற்றுவார்கள். கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறோமே, அதேதான். கட்டு இறுகியதும் அடியில் அறுத்துப் புரட்டி, மறுபக்கமும் கட்டுவார்கள். கல்லமேட்டு எலும்புகளுக்கும் இப்படித்தான் கட்டுப் போட்டார்கள். ஆனால் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்ளாகவே கட்டுக்குள் இருந்த எலும்பு உதிரத் தொடங்கிவிட்டது. கடைசியில் மிஞ்சியது எதுவுமில்லை. கால்டன் என்பவரோடு சேர்ந்து அய்யாசாமி 2017-இல் எழுதிய கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது.

கிடைத்தவை இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, முன்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு. இவற்றில் அந்த முழங்காலுக்குக் கீழ் எலும்புதான் எல்லோரையும் மலைக்க வைத்தது. நீளம் 2 மீட்டர். அர்ஜென்டினோசாரஸ் என்ற தென்னமெரிக்கப் பேருருவின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்று சுமார் 1.55 மீட்டர்தான்.

'மாட்லேயி' என்பது சார்லஸ் மாட்லி என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்து வந்தது. ஜபல்பூர் டைனோசர்களை ஆராய்ந்தவர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929-இல் கட்டுரை வெளியிட்டார். கல்லமேட்டில் டைனோசர் எலும்பு உண்டு என்பதை உலகம் அறிந்தது அவரால்தான்.

#4 · மறுபார்வை

கடற்படுகை ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதனாலேயே ஆசிரியருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'உலகத்திலேயே பெரியது' என்று வகுப்பில் சொல்லாதீர்கள்.

முதல் கட்டுரையில் புகைப்படமே கிடையாது, கோட்டோவியங்கள் மட்டும்தான். அதிலும் அந்த விலங்கை இருகாலில் நடக்கும் ஊனுண்ணி என்றுதான் வகைப்படுத்தியிருந்தார்கள். பிறகு 1990-களில்தான் சங்கர் சாட்டர்ஜி என்ற தொல்லுயிர் ஆய்வாளர், இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாக இருக்க வேண்டும் என்று திருத்தினார். ஊனுண்ணியா தாவர உண்ணியா என்பதிலேயே இத்தனை குழப்பம் என்றால், அளவை மட்டும் எப்படி நம்புவது? அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே, அது இந்தப் படுகையில்தானே இருக்கிறது?

எலும்பு கையில் இருந்தால் நாளை ஒருவர் வந்து மறுபடி அளந்து பார்க்கலாம். அது இல்லாதபோது நாம் நம்புவது இரண்டு மனிதர்களின் சொல்லைத்தான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பெருமையைக் கொடுப்பதற்கு முன் சரிபார்க்கும் பழக்கத்தைக் கொடுங்கள் என்கிறேன்.

#5 · கடற்படுகை

மறுபார்வை, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு செய்திகளை விட்டுவிட்டீர்கள்.

யாதகிரி கற்றுக்குட்டி அல்லர். கோதாவரிப் பகுதியில் கோட்டாசாரஸ் என்ற டைனோசரை ஆராய்ந்து பெயரிட்டவர் அவர்தான். அதன் எலும்புக்கூடு ஐதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம். எலும்புக்கும் மரத்துக்கும் வேறுபாடு தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, 2022-இல் சௌரப் பால் என்பவரும் அய்யாசாமியும் சேர்ந்து, தோண்டிய காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். தெளிவு குறைந்த படங்கள்தான். ஆனாலும் மண்ணில் கிடக்கும் அந்த நீண்ட எலும்பின் வடிவம் தெரிகிறது. அதன் பிறகு மர வாதம் வலுவிழந்துவிட்டது. அடுத்த ஆண்டே இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டு, இதன் எடை 110 டன்னுக்கு மேல் இருந்திருக்கலாம் என்றார்கள். பெரிய திமிங்கிலத்தின் எடை அது.

இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. எனவே ஆசிரியர் ஐயா, 'மிகப் பெரியவற்றுள் ஒன்று என்று கருதப்படுவது' எனச் சொல்லுங்கள். அதில் பொய் இல்லை.

#6 · செம்மண்தடம்

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. கல்லங்குறிச்சி பக்கத்துப் பெண். இப்போது திருப்பூரில் இருக்கிறேன். படிக்கப் படிக்க எங்கள் வீட்டு வாசல் கண்முன் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். சுரங்கத்தில் கல் உடையும்போது உள்ளேயிருந்து சுருள்சுருளாக வரும். நாங்கள் நத்தைக்கல் என்போம். அப்பா கொண்டுவந்த ஒன்று உரல் வாயளவு இருந்தது. அம்மா அதைக் கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். சுருளின் பள்ளங்களில் கோலமாவு படிந்திருக்கும். மழைக்காலத்தில் அதைக் கழுவினால் வரிகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு எண்ணுவேன், ஒருநாளும் முடித்ததில்லை.

பத்தாம் வகுப்பு முடித்தபோது அதை நான் படித்த பள்ளிக்குக் கொடுத்தேன். ஆய்வக மேசையில் வைத்திருந்தார்கள். நான்கு வருடம் கழித்துப் போய்க் கேட்டேன். வெள்ளையடித்தபோது குப்பையோடு அள்ளிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அதனால் கல்லமேட்டு எலும்புகள் அழிந்த கதையைப் படித்தபோது எனக்கு மழைமீது கோபம் வரவில்லை. மழை தெரியாமல் செய்தது. தெரிந்தே அள்ளிப் போடுகிறோமே, அதைப் பற்றி யார் பேசுவது?

#7 · ஏரிக்கரை

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பள்ளி ஆய்வகத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கீழ்த்தட்டில் ஐந்து கற்கள் இருக்கின்றன. எந்த ஊரில் கிடைத்தன, யார் கொடுத்தார்கள், ஒரு சீட்டும் இல்லை. நாளைக்கே மூத்த ஆசிரியர்களிடம் கேட்டு எழுதி ஒட்டுகிறேன்.

#8 · தென்கடல்

எல்லோரும் கல்லமேட்டையே பேசுகிறீர்கள். திராவிடோசாரஸை மறந்துவிட்டோமா? 1979-இல் இதே யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்டது. திராவிட நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரே டைனோசர். முதுகில் தட்டுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசார் இனம். அதையும் இப்போது இல்லை என்கிறார்கள். நம் பெயர் வைத்தால் மட்டும் ஏன் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது?

#9 · மறுபார்வை

தம்பி தென்கடல், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சந்தேகம் பெயரினால் வந்ததன்று, பாறையினால் வந்தது.

திராவிடோசாரஸ் கிடைத்தது திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறையில். அது கடலடிப் படிவு, அம்மோனைட்டுகள் நிறைந்தது. காலம் ஏறத்தாழ எட்டரை முதல் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு. உலகின் மற்ற இடங்களில் ஸ்டெகோசார்கள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. நிலத்தில் வாழ்ந்த விலங்கு, தன் இனத்தார் மறைந்து நெடுங்காலம் கழித்து, கடலுக்கு அடியில் கிடக்கிறது என்றால் கேள்வி எழத்தானே செய்யும்? சாட்டர்ஜி 1991-இல் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். அங்கே தனக்குத் தென்பட்டவை பிளீசியோசாரின் எலும்புகள் என்று 1996-இல் எழுதினார். துடுப்புப் போன்ற நான்கு கைகால்களோடு நீந்திய கடல் ஊர்வன அவை.

பெயரில் இருக்கும் இன்னொரு பாதியையும் கவனியுங்கள். திராவிடோசாரஸ் 'பிளான்ஃபோர்டி'. இந்தப் பகுதியின் பாறைகளை 1860-களின் தொடக்கத்தில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பகுத்துப் படமாக்கிய எச். எஃப். பிளான்ஃபோர்டின் பெயர் அது. அவர் பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி, இமயத்துப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். இந்த மண்ணைப் படித்தவரே பிறகு மழையைப் படிக்கப் போனார் என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

#10 · தென்கடல்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடல் ஊர்வன என்றால் அதில் என்ன தாழ்வு? நம் ஊர் வயலுக்கு அடியில் பிளீசியோசார் நீந்தியது என்பதும் பெருமைதானே. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

#11 · கடற்படுகை

தம்பி, இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். டைனோசர் என்ற சொல் வந்தவுடன் கடலை மறந்துவிடுகிறோம். அரியலூர், பெரம்பலூர் மண்ணில் பெரும்பகுதி கடல் எழுதியது.

பெரம்பலூர் மாவட்டம் காரையிலிருந்து குளக்கல்நத்தம் போகும் வழியில் ஒருமுறை இறங்கி நடந்து பாருங்கள். மழை அறுத்த ஓடைகளும் மொட்டை மேடுகளுமாக, புல்லும் முளைக்காத களிமண் பரப்பு. அதை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசிய நிலவியல் சின்னங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் அது சுறாக்களும் இக்தியோசார்களும் திரிந்த கடல். இக்தியோசார் என்பது ஓங்கிலை, அதாவது டால்பினைப் போன்ற உடலமைப்புள்ள ஊர்வன. ஊட்டத்தூர்ப் பாறையில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லிடெக்கர் 1879-இலேயே 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். அந்த எலும்புகள் தனி இனத்துக்குப் போதாது என்பது இன்றைய கருத்து. ஆனால் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, இக்தியோசார்கள் அங்கே வாழ்ந்ததை மறுபடியும் உறுதி செய்தது. அவை உலகை விட்டு அடியோடு மறைவதற்குச் சற்று முந்திய காலம் அது.

இன்னும் பின்னால் போனால் 1840-களின் தொடக்கத்தில் சார்லஸ் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. பிறகு ஸ்டோலிஷ்கா என்ற மொராவிய அறிஞர், கொல்கத்தாவில் அமர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் நம் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் வகைப்படுத்தினார். 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு 36 வயதுதான்.

இந்தப் பெயர்களையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒரு குறை உண்டு. மேட்டைக் காட்டியவர், மண்வெட்டி பிடித்தவர், கூடையில் சுமந்து மாட்டுவண்டியில் ஏற்றியவர் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. செம்மண்தடம் அம்மாவின் அப்பாவைப் போன்றவர்கள் 1840-இலும் இருந்திருப்பார்கள்.

#12 · நர்மதைக்கரை

ஜபல்பூரில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரன். எலும்பு தொலைந்த கதை கேட்டதும் இங்குள்ள கதை ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

கேப்டன் ஸ்லீமன் என்ற அதிகாரி 1828-இல் இவ்வூர் பாரா சிம்லா குன்றருகே பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அவை கைமாறிக் கைமாறிக் கொல்கத்தா போய்ச் சேர்ந்தன. 1877-இல் லிடெக்கர் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இந்தியாவில் பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். பிறகு அந்த வால் முள்ளெலும்புகள் எங்கே போயின என்று தெரியாமல் போய்விட்டது. தொலைந்தவை என்றே புத்தகங்களில் எழுதினார்கள்.

2012-இல் தனஞ்சய் மொஹபே கொல்கத்தாவில் ஆய்வு மையத்தின் சேகரிப்புகளைத் துழாவியபோது அவற்றில் ஒன்று கிடைத்துவிட்டது! அத்தனை காலமும் அதே கட்டடத்துக்குள்தான் இருந்திருக்கிறது. கல்லமேட்டு எலும்பின் துண்டு ஏதாவது எந்த அலமாரியிலாவது இருக்காதா என்று எனக்கு ஓர் ஆசை.

#13 · கடற்படுகை

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஜபல்பூர் எலும்பு கல்லாக இறுகியது. கல்லமேட்டு எலும்பு கையில் எடுத்தால் உதிரும் வகை. நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் அலமாரி அல்ல, மறுபடியும் கல்லமேட்டு மண்தான்.

அங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, பெரிய எலும்பாக இல்லாததால் செய்தியாவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி. வி. ஆர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி முதலியோரின் குழு மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு துகளாகத் தேடியது. நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற பொறுமை வேண்டும். அப்படித் தேடியதில் ஒற்றைப் பல் கிடைத்தது. அரிசி மணியோடு ஒப்பிடத்தக்க அளவு. அது ட்ரூடோன்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சிறு டைனோசர் குடும்பத்தின் பல் என்று 2013-இல் அறிவித்தார்கள். அந்தக் குடும்பம் அதுவரை வட கண்டங்களில் மட்டும் அறியப்பட்டது. இந்தியா தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த காலத்தில் அது எப்படிக் கல்லமேட்டுக்கு வந்தது? இன்றுவரை பேசப்படும் கேள்வி.

அதே படிவில் குர்மதெமிஸ் கல்லமெடென்சிஸ் என்ற ஆமையும் கிடைத்தது. கூர்மம் என்ற சொல்லும் ஊரின் பெயரும் சேர்ந்த பெயர். மடகாஸ்கரில் வாழ்ந்த சைமோசூகஸ் என்ற குட்டை முகத்து முதலையின் பற்களை ஒத்த பற்களும் கிடைத்தன. மடகாஸ்கரும் நம் நிலமும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்ததை அந்தப் பற்கள் நினைவூட்டுகின்றன.

ஆசிரியர் ஐயா, எலும்பு எங்கே என்று கேட்ட பெண்ணிடம் இந்தப் பல்லையும் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் எலும்பு நம்மை விட்டுப் போய்விட்டது. அரிசியளவு பல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி பார்க்கலாம். மறுபார்வை கேட்டதும் இதைத்தானே?

#14 · மறுபார்வை

ஆம் ஐயா. இதைத்தான் கேட்டேன். நன்றி.

#15 · நெல்வயல்

ஒரு நடைமுறைக் கேள்வி. 2020 அக்டோபரில் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக எல்லோருடைய கைப்பேசியிலும் படங்கள் வந்தன. பிறகு முட்டை இல்லை என்றார்கள். நம் நிலத்தில் ஏதாவது தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

#16 · கடற்படுகை

குன்னத்தில் கிடைத்தவை கடலடிச் சேற்றில் ஏதாவது ஒரு கருவைச் சுற்றித் தாது படிந்து உருண்டையான கற்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை ஆகாது. ஆனால் அன்று போய்ப் பார்த்த மக்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்வத்தோடு ஓடி வந்தார்களே, அது நல்லது.

தென்பட்டால் பிடுங்காதீர்கள். கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்துப் படம் எடுங்கள். எந்தக் கிணறு, எந்த ஓடை, எத்தனை அடி ஆழம் என்று எழுதுங்கள். இடம் தெரியாத புதைபடிவம் முகவரி கிழிந்த கடிதம் போன்றது. எலும்பாக இருந்து மண் ஈரமாகவும் இருந்தால், வெயிலில் சட்டென்று காயவிடாமல் அதே மண்ணால் மூடிவிட்டு, அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள்.

#17 · செம்மண்தடம்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அப்பா இப்போது லாரி ஓட்டுவதில்லை. ஆனால் எந்தச் சுரங்கத்தில் எந்த மட்டத்தில் நத்தைக்கல் வந்தது என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம். கூடவே உட்கார்ந்து எழுதப் போகிறேன். ஏரிக்கரை ஐயா, எழுதியதை உங்கள் பள்ளிக்கு ஒரு பிரதி அனுப்பட்டுமா?

#18 · ஏரிக்கரை

கட்டாயம் அனுப்புங்கள் அம்மா. அப்பாவின் பெயரைப் போட்டே கோப்பில் வைக்கிறேன்.

இன்று வகுப்பில் பதில் சொல்லிவிட்டேன். எலும்பு மண்ணோடு மண்ணாகிவிட்டது என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு தரையிலிருந்து 2 மீட்டர் அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். முழங்காலுக்குக் கீழே இருந்த எலும்பு மட்டும் இவ்வளவு என்றேன். அந்தப் பெண் எழுந்து போய் அதன் அடியில் நின்று கையை உயர்த்திப் பார்த்தாள். விரல் நுனி கோட்டைத் தொடவில்லை. குதித்தாள், தொட்டுவிட்டாள். பிறகு மேசைமேல் வைத்திருந்த அரிசி மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்தச் சல்லடை எவ்வளவு விலை ஐயா?"

நாளை காலையில் கடைவீதிக்குப் போகிறேன். கடற்படுகை ஐயா, எத்தனை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை வாங்க வேண்டும்?

#19 · கடற்படுகை

அரை மில்லிமீட்டருக்கு ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று, இரண்டும் வாங்குங்கள். மண்ணை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். வாளிகள் மட்டும் நிறைய வேண்டும்.